முட்டைக்கோழிக்கு எந்த வயதில் எந்தத் தீன்: வன்னியில் புதிதாகத் தொடங்குவோருக்கு

வன்னியில் முட்டைக்கோழி வளர்ப்பில் இறங்குகிறவர்கள் இரண்டு வகை. சிலருக்கு வாழ்வாதார உதவித் திட்டத்தில் ஒரு மாதக் குஞ்சுகள் கிடைக்கும். மற்றவர்கள் கடையில் சொல்லிவைத்து ஒருநாள் குஞ்சு எடுப்பார்கள். எப்படி வந்தாலும், செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தீனுக்கே போகும். அதனால்தான் தீனில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். பிடிக்கிற இடம் பெரும்பாலும் பிழையான இடம்: முட்டையிடாத வளர்பருவத்தில் வெறும் தவிட்டைப் போட்டுவிட்டு, முட்டையிடத் தொடங்கியதும் நல்ல தீன் வாங்குவார்கள். அந்த நேரம் எந்தத் தீனைப் போட்டாலும் குறுகிப்போன எலும்பு இனி வளராது.

இங்கே சொல்லும் அளவுகள் பழுப்பு முட்டையிடும் கலப்பினக் கோழிகளுக்கானவை. 100 கோழிக்கென்று கணக்குச் சொல்லியிருக்கிறோம். 20 கோழி என்றால் ஐந்தால் பிரித்துக்கொள்ளுங்கள்.

தீனுக்கு முதல் தராசு

குஞ்சு வருமுன் 5 கிலோ வரை நிறுக்கக்கூடிய, 10 கிராம் வித்தியாசம் காட்டும் தொங்கு தராசு ஒன்று வாங்குங்கள். தீன் மூட்டையில் "0–6 கிழமை", "7–16 கிழமை" என்று வயது போட்டிருக்கும். அந்த வயதுக்குரிய எடை இருந்தால்தான் அந்தக் கணக்குச் சரிவரும். எடை பின்தங்கிய குஞ்சை நாட்காட்டி பார்த்து அடுத்த தீனுக்கு மாற்றினால் அது இன்னும் பின்தங்கும்.

கிழமைக்கு ஒருநாள், காலையில் தீன் வைக்க முன், 100க்கு 10 கோழியைப் பிடித்து ஒவ்வொன்றாக நிறுத்து எழுதுங்கள். கைக்கு அகப்பட்டதைப் பிடித்தால் மந்தமானவைதான் அகப்படும். ஒரு மூலையைத் தட்டியால் மறித்து, உள்ளே நிற்பவை எல்லாவற்றையும் நிறுங்கள். எதிர்பார்க்க வேண்டிய எடை ஏறத்தாழ இப்படி: 4 கிழமையில் 280 கிராம், 6 கிழமையில் 450, 12 கிழமையில் 1,050, 16 கிழமையில் 1,350 முதல் 1,400, 18 கிழமையில் 1,500 கிராம். சராசரியைப் போலவே ஒத்த வளர்ச்சியும் முக்கியம். பத்தில் எட்டாவது சராசரிக்கு மேலும் கீழும் பத்து வீதத்துக்குள் நிற்கவேண்டும். சில மட்டும் கொழுத்து, சில மெலிந்து கிடந்தால் தீன்பாத்திரம் போதவில்லை என்று அர்த்தம். பலமானது தின்னும்வரை பலவீனமானது காத்துநிற்கிறது.

முதல் 6 கிழமை: குஞ்சுத் தீன்

குஞ்சுத் தீனில் புரதம் 20 வீதம் அளவிலும் கல்சியம் 1 வீதம் அளவிலும் இருக்கும். 100 குஞ்சுக்கு 6 கிழமைக்கும் சேர்த்து 115 முதல் 120 கிலோ தேவை. ஒரு குஞ்சு ஒரு நாளைக்குத் தின்பது முதலாம் கிழமையில் 12 கிராம், இரண்டாம் கிழமையில் 19, பின்னர் 25, 31, 36, ஆறாம் கிழமையில் 41 கிராம். இந்த வயதில் அளந்து போடத் தேவையில்லை, எந்நேரமும் தீன் இருக்கட்டும். இந்த எண்கள், குறைவாகத் தின்கின்றனவா என்று பார்ப்பதற்கு.

ஒருநாள் குஞ்சுகள் தென்பகுதிக் குஞ்சு பொரிப்பகங்களிலிருந்து பல மணி நேரம் பயணப்பட்டு வரும். பெட்டியைத் திறந்ததும் முதலில் தண்ணீர், பிறகு தீன்.

1. குஞ்சு வர சில மணி நேரத்துக்கு முன்பே மின்குமிழைப் போட்டு, உமியின் மேல் 33 முதல் 35 பாகை செல்சியஸ் சூடு வரச் செய்யுங்கள். தண்ணீரையும் முன்கூட்டியே உள்ளே வையுங்கள், கிணற்றுக் குளிரோடு குடிக்கவேண்டாம்.

2. ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சீனி கரைத்து முதல் சில மணி நேரத்துக்குக் கொடுங்கள். அதற்கு மேல் நீட்டினால் எச்சம் பிசுபிசுத்துப் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டுவிடுங்கள்.

3. முதல் இரண்டு நாளும் உமியின் மேல் கடதாசி விரித்து அதில் தீனைத் தூவுங்கள். தீன் விழும் சத்தமே குஞ்சுகளை அழைக்கும். வழுக்கும் கடதாசி வேண்டாம், கால் விரிந்துபோகும். மூன்றாம் நாள் கடதாசியை எடுத்துவிட்டுத் தாழ்ந்த தட்டுகளுக்கு மாற்றுங்கள்.

4. மறுநாள் அதே நேரம் 20 குஞ்சின் கழுத்தடியிலுள்ள தீன்பையை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தீனும் தண்ணீரும் சேர்ந்து மெதுவாக, உருண்டையாக இருக்கவேண்டும். கல்லுப்போல் இருந்தால் தண்ணீர் கிடைக்கவில்லை. வெறுமையாக இருப்பவை 20இல் ஒன்றுக்கு மேல் என்றால் சூடு, வெளிச்சம், பாத்திரம் மூன்றையும் பாருங்கள். அனேகமாகச் சூடுதான் காரணம். மின்குமிழுக்குக் கீழே குவிந்து கிடந்தால் குளிர். சுவரோரம் ஒதுங்கி வாயைத் திறந்து நின்றால் வெக்கை. மார்கழி, தை மாதத்து இரவும் சித்திரைப் பகலும் ஒரே மின்குமிழால் சரிவராது. அதை உயர்த்தித் தாழ்த்தக் கயிறு கட்டுங்கள். கிழமைக்கு இரண்டு மூன்று பாகையாகச் சூட்டைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

5. ஒரு குஞ்சுக்கு முதல் இரண்டு மூன்று கிழமையும் தீன்பாத்திர ஓரத்தில் 2.5 சென்ரிமீற்றர் இடம், அதன்பின் 5 சென்ரிமீற்றர். இரண்டு பக்கமும் தின்னக்கூடிய 60 சென்ரிமீற்றர் நீளத் தொட்டி மூன்று இருந்தால் 100 குஞ்சின் தொடக்கத்துக்குப் போதும், பிறகு இரட்டிப்பாக்குங்கள்.

கடைத் தீன் சிலவற்றில் இரத்தக்கழிச்சலைத் தடுக்கும் மருந்து சேர்ந்தே வரும். மூட்டை லேபலைப் படியுங்கள். இரத்தக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்ட குஞ்சுகளுக்கு அந்த மருந்துத் தீன் கொடுத்தால் தடுப்பூசி வீணாகும்.

திட்டத்தில் ஒரு மாதக் குஞ்சு வாங்குகிறவர்கள், கொண்டுவந்தவர்களிடம் இதுவரை என்ன தீன் போட்டார்கள், என்ன தடுப்பூசி போட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாலு நாளும் அதே தீன். "ஒரு மாதமாகிவிட்டது, இனி நெல்லும் தவிடும் போதும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். ஊர்க்கோழிக்கு அது ஓரளவு பொருந்தும். இந்தக் குஞ்சுகளுக்கு இன்னும் இரண்டு கிழமையாவது குஞ்சுத் தீன் வேண்டும். 450 கிராம் வராவிட்டால் எட்டாம் கிழமை வரைக்கும் நீட்டலாம்.

7 முதல் 16 கிழமை: வளர்ச்சித் தீன்

எடை வந்ததும் வளர்ச்சித் தீனுக்கு மாற்றுங்கள். எந்தத் தீனிலிருந்து எதற்கு மாற்றினாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் இரண்டு நாளும் பழையது மூன்று பங்கு, புதியது ஒரு பங்கு. அடுத்த இரண்டு நாளும் சரிபாதி. பிறகு ஒரு நாள் பழையது ஒரு பங்கு, புதியது மூன்று பங்கு. இப்படிச் செய்யாவிட்டால் தின்பது குறையும், எச்சம் இளகும்.

வளர்ச்சித் தீனில் புரதம் 15 முதல் 16 வீதம், கல்சியம் 1 வீதம். ஒரு கோழி 7ஆம் கிழமையில் நாளுக்கு 45 கிராம் தின்னும், 10ஆம் கிழமையில் 58, 13ஆம் கிழமையில் 69, 16ஆம் கிழமையில் 78. பத்துக் கிழமைக்கும் சேர்த்து 100 கோழிக்கு 440 கிலோ. பெரிய தொகைதான். முட்டை ஒன்றும் வராமல் மூட்டை மூட்டையாக இறக்க மனம் வராது. ஆனால் கோழியின் எலும்புக்கூடு 12, 13 கிழமைக்குள் ஏறத்தாழ முழுதாக வளர்ந்து முடிந்துவிடும். அந்தக் காலத்தில் பட்டினி கிடந்த கோழிக்குப் பிறகு கொழுப்பு ஏறலாம், உடற்கட்டு வராது. அப்படிப்பட்டது முட்டையிடத் தொடங்கும்போது முட்டை சிறிதாக இருக்கும். பிறகு ஒடுங்கிய இடுப்பால் பெரிய முட்டை வரும்போது முட்டைக்குழாய் வெளித்தள்ளும். மற்றக் கோழிகள் அதைக் கொத்தியே கொன்றுவிடும்.

முட்டைத் தீனை முன்கூட்டியே போடுவது இதற்கு எதிர்ப்பக்கத்துப் பிழை. கடையில் வளர்ச்சித் தீன் முடிந்துவிட்டதென்று 8 கிழமைக் கோழிக்கு முட்டைத் தீனைத் தந்துவிடுவார்கள். அதில் கல்சியம் நாலு மடங்கு. முட்டையிடாத கோழி அந்தக் கல்சியத்தை வெளியேற்றச் சிறுநீரகத்தை வருத்தும். பிறகு உள்ளுறுப்புகளில் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் உப்புப் படியும். ஆள் பார்க்க நன்றாக இருக்கும் கோழி முட்டைப் பருவத்தில் திடீரென்று சாகும். வளர்ச்சித் தீன் இல்லாத கிழமையில் குஞ்சுத் தீனையே கொடுங்கள். காசு கொஞ்சம் கூடும், கேடு இல்லை.

இறைச்சிக்கோழித் தீனையும் இடையில் போடவேண்டாம். அதில் சேர்க்கும் மருந்துகளில் நிகார்பசின் என்ற ஒன்று முட்டையைக் குறைக்கும், பழுப்பு ஓட்டை வெளிறச் செய்யும்.

கோழிகளை வளவில் விட்டு வளர்க்கிறவர்கள் இந்தப் பருவத்தில் தாராளமாக விடலாம். மேய்ச்சலை மேலதிகமாக வைத்துக்கொள்ளுங்கள், தீன் அளவைப் பாதியாக்காதீர்கள். சித்திரைக்குப் பிறகு வன்னி நிலத்தில் கோழி கிளறி எடுக்கப் பெரிதாக ஒன்றும் இராது. முழு நெல், புல் தின்கிற கோழிக்கு இரைப்பையில் அரைக்கக் கல் வேண்டும். அரிசிக் குறுணல் அளவான ஆற்று மணல் ஒரு சட்டியில் வைத்தால் போதும். நன்றாகத் தின்றும் எடை ஏறாவிட்டால் பூச்சி அல்லது கழிச்சல் நோயைச் சந்தேகியுங்கள். எச்சத்தை எடுத்துக்கொண்டு உங்கள் பிரிவுக் கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குப் போங்கள்.

16ஆம் கிழமை முடிவு தொடக்கம் முதல் முட்டை வரை

இரண்டு கிழமைதான், ஆனாலும் தவறவிட்டால் வருடம் முழுக்கத் தெரியும். முதல் முட்டைக்கு முன் கோழியின் நீண்ட எலும்புகளுக்குள் கல்சியச் சேமிப்பு ஒன்று உருவாகும். இரவில் தீன் தின்னாத நேரத்தில் ஓடு செய்ய அங்கிருந்துதான் எடுக்கும். இந்த நேரத்தில் 2 முதல் 2.5 வீதம் கல்சியம் உள்ள தீன் வேண்டும். இதற்கென்று தனித் தீன் இருக்கிறது. ஊர்க் கடைகளில் கிடைப்பது அரிது. வளர்ச்சித் தீனையும் முட்டைத் தீனையும் சரிபாதி கலந்தால் அந்த அளவு வந்துவிடும். நாளுக்கு 80 முதல் 85 கிராம், 100 கோழிக்கு இரண்டு கிழமைக்கு 115 கிலோ. முதல் முட்டைகள் கண்டதும் முழு முட்டைத் தீன்.

கொண்டை சிவந்து, கிட்டப் போனால் பதுங்கி இருந்து, பின்புற எலும்புகளுக்கிடையில் இரண்டு விரல் போனால் நாள் நெருங்கிவிட்டது.

வெளிச்சத்தையும் இங்கே பார்க்கவேண்டும். வன்னியில் பகல் வருடம் முழுக்க ஏறத்தாழ 12 மணி நேரம், கூடிக்குறைந்தால் அரைமணி. வளரும் காலத்தில் அது போதும், மின்குமிழ் வேண்டாம். சராசரி எடை 1,450 கிராமைத் தாண்டியபிறகு கிழமைக்கு அரைமணியாகக் கூட்டி 16 மணிக்குக் கொண்டுபோங்கள். விடியப்புறம் மின்குமிழ் போடுவது நல்லது, குளிர்ந்த நேரத்தில் கூடுதலாகத் தின்னும். எடை வராத கோழிக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் உடம்பு தயாராகாமலே முட்டை வரும். முட்டையிடத் தொடங்கியபின் வெளிச்ச நேரத்தைக் குறைக்கவே கூடாது. மின்சாரம் நம்பமுடியாத இடமென்றால் 14 மணியோடு நிறுத்தி அதை ஒழுங்காகக் கொடுங்கள். ஒருநாள் 16, ஒருநாள் 12 என்று ஆட்டுவதைவிட அது மேல்.

முட்டைப் பருவம்

முட்டைத் தீனில் புரதம் 16 முதல் 18 வீதம், கல்சியம் 3.5 முதல் 4 வீதம். 20ஆம் கிழமையில் ஒரு கோழி 95 கிராம் தின்னும், 24ஆம் கிழமைக்குப் பிறகு 110 முதல் 115 கிராம். 100 கோழிக்கு நாளுக்கு 11 முதல் 11.5 கிலோ.

இனித் தவிட்டுக் கணக்குக்கு வருவோம். ஒரு முட்டை ஓட்டில் 2 கிராமுக்குச் சற்று மேல் கல்சியம் இருக்கிறது. தின்பதில் பாதியளவைத்தான் கோழி உடம்பில் எடுக்கும். ஆகவே நாளுக்கு 4 கிராம் உள்ளே போகவேண்டும். 110 கிராம் முட்டைத் தீனில் 3.8 வீதம் என்றால் 4.2 கிராம். கணக்குச் சரி. அதே தீனைத் தவிட்டோடு பாதிக்குப் பாதி கலந்தால் கல்சியம் 2.1 கிராமுக்கு இறங்கும். புரதமும் 17இலிருந்து 14.5 வீதத்துக்கு இறங்கும். தவிட்டிலுள்ள பைற்றிக் அமிலம் கிடைக்கும் கொஞ்சக் கல்சியத்திலும் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று கிழமை ஒன்றும் தெரியாது, கோழி எலும்பைக் கரைத்து ஓடு செய்துகொண்டிருக்கும். பிறகு ஓடு மெலியும், தோல்முட்டை விழும், கால் தளரும், கடைசியில் முட்டையை நிறுத்திவிடும். "தீன் சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டை வருவது இந்தக் கட்டத்தில்தான்.

வீட்டுச் சோறு, குறுணல், தேங்காய்ப்பூ, கீரை கொடுக்கலாம். காய்ந்த எடையில் கோழிக்கு 10 கிராமுக்கு மேல் போகாமல், பின்னேரம், தீனைத் தின்றபிறகு கொடுங்கள். முருங்கை, அகத்தி இலை மஞ்சள் கருவுக்கு நல்ல நிறம் தரும். இப்பிலிப்பில் இலையும் தரும், ஆனால் அதில் மிமோசின் என்ற நச்சு உண்டு. மொத்தத் தீனில் 5 வீதத்தைத் தாண்டவேண்டாம்.

தீன் வைக்கும் முறை: தொங்கும் தீன்பாத்திரம் 25 கோழிக்கு ஒன்று. விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், நிரப்பினால் அலகால் வீசி உமிக்குள் கொட்டும். ஒரு நாளில் ஒருமுறை பாத்திரம் காலியாகவேண்டும். விற்றமினும் தாதுவும் அடியிலுள்ள தூளில்தான் இருக்கும். மேலே மேலே கொட்டிக்கொண்டிருந்தால் கோழி சோள உடைசலைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தூளை விட்டுவிடும்.

சிப்பி ஓட்டைத் தனிச் சட்டியில் பின்னேரம் 3 மணிக்குப் பிறகு வையுங்கள், 100 கோழிக்கு 300 முதல் 400 கிராம். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில். பின்னேரம் விழுங்கிய பருமனான துண்டு இரைப்பையில் தங்கி இரவு முழுக்க மெல்லக் கரையும். மன்னார், முல்லைத்தீவுக் கரையில் சிப்பி எடுக்கிறவர்கள் நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கி, காயவைத்து, பாசிப்பயறு அளவுக்கு உடைக்கவேண்டும். வெற்றிலைக்குப் போடும் சுட்ட சுண்ணாம்பு ஒருபோதும் வேண்டாம், வாயையும் குடலையும் அரிக்கும். வீட்டு முட்டை ஓட்டையும் காயவைத்து உருத்தெரியாமல் இடித்துக் கொடுக்கலாம். உருவம் தெரிந்தால் கூட்டிலேயே முட்டை உடைத்துக் குடிக்கப் பழகிவிடும்.

தண்ணீர்

தின்பதைப் போல் இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். 100 கோழிக்குச் சாதாரண நாளில் 20 முதல் 25 லீற்றர், கடும் வெயிலில் 40 லீற்றர் வரை. சில மணி நேரம் தண்ணீர் இல்லாமல் போனாலும் அடுத்த நாட்களில் முட்டை குறையும். தண்ணீர்ப் பாத்திரத்தை நாளாந்தம் தேய்த்துக் கழுவுங்கள். கிணற்று நீர் சந்தேகமென்றால் 5 வீதக் குளோரின் திரவத்தில் 20 லீற்றருக்கு 1 மில்லிலீற்றர் போடுங்கள். குடிநீரில் தடுப்பு மருந்து கொடுக்கும் நாளிலும் அதற்கு முதல் நாளும் மறுநாளும் குளோரின் வேண்டாம், மருந்திலுள்ள கிருமியைக் கொன்றுவிடும்.

பூநகரி, முல்லைத்தீவுக் கரைப்பக்கங்களில் உவர்க் கிணறுகள் உண்டு. உங்கள் நாக்குக்கு உப்புத் தெரிகிற தண்ணீரைக் கோழிக்கு வைத்தால் எச்சம் தண்ணீராகப் போகும், உமி நனையும், அமோனியா நாறும். குஞ்சுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் எடுத்துவாருங்கள்.

கோடையும் மாரியும்

வன்னிக் கோடையில் கூரைத் தகரத்தின் கீழே நிற்கும் கோழி தின்பதை 80, 90 கிராமுக்குக் குறைத்துவிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ஓடு செய்யத் தேவையான காபனேற்றுக் குறையும். அதனால் கல்சியம் போதியளவு இருந்தும் ஓடு மெலியலாம். செய்யவேண்டியது: விடியற்காலை 5 மணிக்கே மூன்றில் ஒரு பங்கு தீன், 11 மணியிலிருந்து 3 மணி வரை கோழியைக் கிளப்பவேண்டாம், பாத்திரம் காலியாகட்டும், வெயில் தாழ்ந்தபின் மீதி இரண்டு பங்கு. தண்ணீர்த் தாங்கி வெயிலில் நின்றால் மதியத்தில் சுடுதண்ணீர்தான் வரும், கோழி குடிக்காது. தாங்கிக்கு மேல் கிடுகு போடுங்கள், குழாயை மண்ணுக்குள் தாழுங்கள். மதியம் ஒருமுறை பழைய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதிதாக வையுங்கள். தின்பது மிகவும் குறைந்தால் பின்னேரத் தீனில் ஒரு பகுதியைத் தண்ணீர் தெளித்துப் பிசறிக் கொடுக்கலாம். அரைமணிக்குள் தின்று முடிக்கிற அளவுக்கு மட்டும். மிஞ்சியது புளித்துவிடும்.

மாரியில் பகை பூஞ்சணம். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு கிழமைத் தீனுக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள். நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரத்தில் பலகை போட்டு, சுவரிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். கட்டிபிடித்த, பழைய மண் வாசம் வீசும் தீனைக் கொட்டிவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும், பூஞ்சணம் விட்ட அஃப்லரொக்சின் நஞ்சு போகாது. ஈரலைக் கெடுத்து முட்டையைக் குறைக்கும். சோளத்திலும் கச்சான் புண்ணாக்கிலும் இந்த ஆபத்து அதிகம். எலி, குரங்கு, மயில் எல்லாம் பங்குக்கு வரும், மூடியுள்ள பரல் வாங்குவது வீண்செலவில்லை. காட்டோரக் கிராமங்களில் தவிட்டையும் நெல்லையும் படுக்கும் அறையோடு ஒட்டி வைக்காதீர்கள். யானை அந்த மணத்துக்குச் சுவரை இடிக்கும்.

சொந்தமாகக் கலப்பதென்றால்

முதல் தொகுதிக் கோழிக்குக் கடைத் தீனையே போடுங்கள். ஒரு வருடம் பழகியபின் கலக்கலாம். 100 கிலோ முட்டைத் தீனுக்கு ஒரு கணக்கு: உடைத்த சோளம் 55 கிலோ, புதுத் தவிடு 8, சோயாப் புண்ணாக்கு 21, மீன்தூள் 3, தேங்காய்ப் புண்ணாக்கு 2, சிப்பி அல்லது சுண்ணக்கல் 9.2, டைகல்சியம் பொஸ்பேற் 1.1 கிலோ, உப்பு 300 கிராம், முட்டைக்கோழிக்கான விற்றமின்–தாதுக் கலவை 250 கிராம், மெதியோனின் (புரதக் கூறு ஒன்று) 150 கிராம். இது புரதம் 17 வீதத்துக்கும் கல்சியம் 4 வீதத்துக்கும் கிட்ட வரும். சிப்பியில் பாதி தூளாகவும் பாதி துண்டாகவும் இருக்கட்டும். கிராம் கணக்கில் உள்ளவற்றை முதலில் 2 கிலோ சோளமாவோடு கலந்து, அதைப் 10 கிலோவோடு கலந்து, பிறகு மொத்தத்தோடு சேர்த்துப் பிரட்டுங்கள். நேரே கொட்டினால் ஒரு கோழிக்கு உப்பு முழுதும், இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை.

காலபோக வெட்டுக்குப் பிறகு தவிடு மலிவாகக் கிடைக்கும். வாங்கிக் குவிக்காதீர்கள், எண்ணெய்ப் பசை உள்ள தவிடு இந்த வெக்கையில் ஒரு கிழமை, பத்து நாளில் காறிவிடும். சிறிய மில்களின் தவிட்டில் உமி கலந்திருக்கும். ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் உமி மிதக்கும். மீன்தூளையும் அப்படியே பாருங்கள், மணல் அடியில் தங்கும். நாக்கில் வைத்து உப்புக் கரித்தால் அது கருவாட்டுக் கழிவு. அப்படியானால் கலவையில் போடும் 300 கிராம் உப்பை விட்டுவிடுங்கள், மீன்தூளையும் 3 கிலோவுக்கு மேல் கூட்டாதீர்கள்.

45 கிழமைக்குப் பிறகு

முட்டை பெரிதாகும், ஓட்டின் அளவு அதற்கேற்பக் கூடாது, அதனால் மெலியும். சிப்பிச் சட்டி இனி ஒருநாளும் காலியாக இருக்கக்கூடாது. மறுபக்கத்தில், முட்டை குறையக் குறையக் கொழுப்பு ஏறும். கொண்டை வெளிறி, கொழுத்த கோழி ஒன்று காலையில் செத்துக் கிடந்தால் ஈரலில் கொழுப்புக் கட்டியிருக்க வாய்ப்புண்டு. சோளம், குறுணல், சோறு கொடுப்பதை நிறுத்துங்கள். தீனைக் குறைத்துப் பட்டினி போடாதீர்கள்.

இறகு கொத்தல் தொடங்கினால் புரதம், மெதியோனின், உப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று குறைவாக இருக்கலாம், இல்லாவிட்டால் நெருக்கம். முட்டை திடீரென்று விழுந்தால் தீனைக் குற்றம்சொல்ல முன் தண்ணீர், வெளிச்சம், முந்தைய இரவு நாய் அல்லது மரநாய் வந்ததா என்பதைப் பாருங்கள். அவை சரியென்றால் மூட்டை மாறியதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் நோய்.

நாளாந்தம் ஒரு கொப்பியில் மூன்று எண் எழுதுங்கள்: போட்ட தீன், எடுத்த முட்டை, செத்த கோழி. தீனை முட்டையால் பிரித்தால் ஒரு முட்டைக்குப் போன தீன் வரும். 100 கோழி 11.2 கிலோ தின்று 85 முட்டை தந்தால் முட்டைக்கு 132 கிராம். 70 என்றால் 160 கிராம். 50 என்றால் 224 கிராம். அந்த நிறைக்குரிய தீன் விலை, நீங்கள் விற்கும் முட்டை விலையை எட்டிப்பிடிக்கும் கிழமையில் தொகுதியைக் கழிக்கலாம். அனேகமாக அது 72 முதல் 80 கிழமைக்குள் வரும். அதற்கு முன்பே முட்டையிடாதவற்றைப் பிரித்தெடுக்கலாம்: கொண்டை சுருங்கி வெளிறியிருக்கும், பின்வாய் சிறிதாக, வட்டமாக, உலர்ந்திருக்கும், இடுப்பெலும்புகளுக்கிடையில் ஒரு விரல்கூடப் போகாது. இரவில் ரோச் லைற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது சுலபம், கோழி ஓடாது. நூறில் பத்தைக் கழித்தால் நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் தீன் மிஞ்சும், முட்டை எண்ணிக்கை அப்படியே இருக்கும்.